செங்கோட்டைக்குப் போனால் பளிங்கை விடுங்கள், முதலில் பாரக்குக்குப் போங்கள்

டெல்லியில் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஊர்க்காரர்களைச் சுற்றிக் காட்டுவது ஒரு பகுதிநேர வேலை. மலை மந்திரில் முருகனைப் பார்த்துவிட்டு, இந்தியா கேட் எதிரே போட்டோ, சரோஜினி நகரில் ஸ்வெட்டர், ஒரு நாள் ஆக்ரா, ஒரு நாள் செங்கோட்டை. இந்தப் பட்டியலில் செங்கோட்டைதான் எல்லோரும் கடனே என்று போகும் இடம். லாஹோரி வாசலில் நுழைந்து, சத்தா சௌக் கடைகளில் கீசெயின் விலை பேசி, திவான்-இ-ஆம், திவான்-இ-காஸ், "இங்கதான் மயிலாசனம் இருந்துச்சாம்", முடிந்தது. வெளியே வந்தால் வெயில், பசி, ஆட்டோ பேரம்.

நானும் பல வருஷம் அப்படித்தான் கூட்டிப் போனேன். மத்திய அரசுப் பணியில் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவள் நான். பழைய சர்க்கார் கட்டடம் என்றால் எனக்கு ஒரு தனிக் கண். எத்தனை அடி வராண்டா, கூரை எவ்வளவு உயரம், மழைநீர்க் குழாய் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பேன். அதனால் கோட்டைக்குள் கடைத்தெருவைத் தாண்டியதும் இடதுபக்கம் நீளநீளமாக, மாடிமேல் மாடியாக நிற்கும் அந்த அவலட்சணமான கட்டடங்கள் எப்போதும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. முகலாயக் கோட்டைக்குள் அவற்றுக்கு என்ன வேலை என்று ஒருவரும் கேட்பதில்லை. கைடுகளும் அந்தப் பக்கம் கை காட்டுவதில்லை.

அவை வெள்ளைக்காரர்கள் கட்டிய பட்டாளக் குடியிருப்புகள், அதாவது பாரக்குகள். 1857 செப்டம்பரில் டெல்லியைத் திரும்பப் பிடித்த பிறகு, ஷாஜகான் 1639-ல் ஆரம்பித்து 1648-ல் முடித்த அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் இவற்றை எழுப்பினார்கள். அந்தப்புரங்கள், தோட்டங்கள், முற்றங்கள் எல்லாம் போயின. நாம் இப்போது பார்க்கும் பளிங்கு மண்டபங்கள் அந்த இடிப்பில் தப்பிய மிச்சம். இடிப்பதற்கு முன் என்ன இருந்தது என்று ஒழுங்காக ஒரு வரைபடம்கூடப் போட்டு வைக்கவில்லையே என்று கட்டடக்கலை வரலாறு எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன், அவரும் வெள்ளைக்காரர்தான், கோபப்பட்டிருக்கிறார். சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவம் அதே கட்டடங்களில் இருந்தது. 2003 டிசம்பரில்தான் தொல்லியல் துறையிடம் கோட்டை ஒப்படைக்கப்பட்டது. 2007-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2019 ஜனவரி 23, நேதாஜி பிறந்தநாள் அன்று, இந்த பாரக்குகளில் அருங்காட்சியகங்கள் திறக்கப்பட்டன. மொத்தத்துக்கும் கிராந்தி மந்திர் என்று பெயர்.

என்னைக் கேட்டால், செங்கோட்டைக்குப் போகும் தமிழர்கள் பளிங்கைப் பார்ப்பதற்கு முன் இந்த பாரக்குகளைப் பார்க்க வேண்டும். நேரம் குறைவென்றால் பளிங்கை விட்டுவிடலாம். சொன்னால் வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். "இவ்வளவு தூரம் வந்து மயிலாசனம் இருந்த இடத்தைப் பார்க்காமப் போறதா?" மயிலாசனத்தை 1739-லேயே நாதிர் ஷா தூக்கிக்கொண்டு போய்விட்டான். அங்கே பார்க்க இருப்பது அது இல்லாத இடம்தான். பாரக்கில் நம் ஆட்களின் கதை இருக்கிறது.

போன குளிர்காலத்தில் என் கணவரின் சித்தப்பா, எனக்குச் சின்ன மாமனார், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது. மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் போய், வயலட் லைனில் லால் கிலா ஸ்டேஷனில் இறங்கினோம். இறங்கினால் கோட்டை மதில் எதிரிலேயே இருக்கிறது. வயதானவர்களோடு போகிறவர்கள் சாந்தினி சௌக் ஸ்டேஷனில் இறங்கிக் கூட்டத்தில் மிதிபட வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: டிக்கெட் எடுக்கும்போதே அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து எடுங்கள். கோட்டைக்கு மட்டும் எடுத்துவிட்டு உள்ளே போய் யோசிப்பது வீண் நடை.

இந்த அருங்காட்சியகங்களில் நான் சொல்பவை மூன்று விஷயங்கள் பற்றியவை: 1857, ஜாலியன்வாலாபாக், நேதாஜியும் இந்திய தேசிய ராணுவமும் (ஐஎன்ஏ). வரிசை எப்படியும் போகலாம். நான் 1857-ஐ முதலில் வைப்பேன், ஏனென்றால் நீங்கள் நிற்கும் கட்டடம் பிறந்ததே அந்தச் சம்பவத்தால்தான். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாஃபரை அவருடைய சொந்த திவான்-இ-காஸ் மண்டபத்திலேயே 1858 ஜனவரியிலிருந்து மார்ச் வரை விசாரித்தார்கள். பிறகு ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். 1862-ல் அங்கேயே இறந்தார். படங்கள், வரைபடங்கள், சண்டை நடந்த ஊர்கள் என்று விவரமாக வைத்திருக்கிறார்கள். மாமா பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதாம்மா, நம்ம வேலூர்ல இதுக்கு அம்பது வருசம் முன்னாடியே நடந்துச்சே" என்றார். 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. சிவகங்கைக்காரர் இதோடு விட்டாரே என்று சந்தோஷப்பட்டேன். மருது சகோதரர்களை ஆரம்பித்திருந்தால் அன்றைக்கு நாங்கள் அந்த அறையை விட்டு நகர்ந்திருக்க மாட்டோம்.

ஜாலியன்வாலாபாக் அருங்காட்சியகம், யாத்-இ-ஜாலியன், முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்களின் பங்கோடு சேர்த்துச் சொல்கிறது. அந்தச் சேர்க்கை சரியான யோசனை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களைப் பிரான்சுக்கும் மெசபடோமியாவுக்கும் அனுப்பி வைத்த நாட்டுக்குப் போர் முடிந்ததும் கிடைத்த பரிசு ரௌலட் சட்டம், அப்புறம் 1919 ஏப்ரல் 13. ஜெனரல் டயரின் ஆட்கள் சுட்டது 1,650 ரவுண்டு. அரசாங்கமே ஒப்புக்கொண்ட சாவு 379. அங்கே நிற்கும்போது நான் நினைத்துக்கொண்டது சேத்தூர் சங்கரன் நாயரை. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானவர். பஞ்சாபில் நடந்ததைப் பொறுக்காமல் அந்தப் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தார். அவ்வளவு பெரிய பதவியை ராஜினாமா செய்வது என்றால் என்ன என்பது அரசு வேலையில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்தப் பகுதியைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம்.

சரி, நேதாஜி அருங்காட்சியகம். நான் இவ்வளவும் எழுதுவது இதற்காகத்தான்.

நேதாஜி உபயோகித்த மரநாற்காலியும் வாளும் இருக்கின்றன. எல்லோரும் முதலில் அங்கேதான் ஓடுகிறார்கள். நான் அதிக நேரம் நின்றது சீருடைகள், பதக்கங்கள், பேட்ஜுகள் முன்னால். அளவெடுத்துத் தைத்த சீருடையில் ஆளின் உடம்பு தெரியும். சின்ன உடம்புக்காரர்கள்.

இந்த இடத்தின் வரலாறு எப்படி முடிச்சுப் போட்டுக்கொண்டு வருகிறது என்று பாருங்கள். ஜாஃபரை இங்கிருந்து ரங்கூனுக்கு அனுப்பினார்கள். 1943 செப்டம்பரில் நேதாஜி அதே ரங்கூனில் ஜாஃபரின் சமாதிக்குப் போய் அஞ்சலி செய்தார். அதற்கு முன்பே, ஜூலையில் சிங்கப்பூரில், "டெல்லிக்குப் புறப்படு" என்று படைக்குக் கட்டளை கொடுத்தபோது, வெற்றி அணிவகுப்பு செங்கோட்டையில்தான் என்று சொல்லியிருந்தார். 1944-ல் இம்பால், கோஹிமா வரை வந்தார்கள். மழை, பசி, மலேரியா, பின்வாங்கல். கடைசியில் அந்தப் படையின் அதிகாரிகள் செங்கோட்டைக்கு வந்தே சேர்ந்தார்கள், கைதிகளாக. கோட்டையை ஒட்டிய சலீம்கரில் அடைத்து வைத்தார்கள். கோட்டைக்குள்ளேயே ராணுவ நீதிமன்றம் கூடியது.

1945 நவம்பர் 5-ம் தேதி விசாரணை ஆரம்பம். ஷாநவாஸ் கான், பிரேம் குமார் சஹ்கல், குர்பக்ஷ் சிங் தில்லான். ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். மூவரையும் ஒன்றாக நிறுத்தியதால் நாடு முழுக்க எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை அந்த அரசாங்கம் செய்திருக்க முடியாது. பூலாபாய் தேசாய் வாதாடினார். அடிமைப்பட்ட மக்களுக்குத் தங்கள் விடுதலைக்காகப் போர் செய்ய உரிமை உண்டு, அப்படிச் செய்வது துரோகமாகாது என்பது அவர் வாதம். தேஜ் பகதூர் சப்ரு, காட்ஜு, ஆசஃப் அலி எல்லாம் கூட இருந்தார்கள். எத்தனையோ வருஷம் கழித்து வக்கீல் அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு நேருவும் வந்தார்.

அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்புச் சாட்சியாக வந்து பேசியவர்களில் ஒருவர் எஸ்.ஏ. அய்யர். ராய்ட்டர்ஸ் செய்தியாளராகக் கிழக்காசியாவுக்குப் போன தமிழர், நேதாஜி அமைத்த ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தில் பிரசார மந்திரி. நேதாஜியை வைத்து மணிக்கணக்கில் மேடையில் பேசும் நம் ஊர்ப் பேச்சாளர்களில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

விசாரிக்கப்பட்ட மூவரில் ஒருவரான பிரேம் சஹ்கல் நம்ம வீட்டு மாப்பிள்ளை! 1947 மார்ச்சில் லாகூரில் அவர் கல்யாணம் செய்துகொண்டது கேப்டன் லட்சுமியை. சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-ல் படிப்பை முடித்து, சிங்கப்பூருக்குப் போய், கூலித் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த லட்சுமி சுவாமிநாதன். ஐஎன்ஏவின் பெண்கள் படையான ராணி ஜான்சி ரெஜிமென்டின் தலைவி. அந்த ரெஜிமென்டில் சேர்ந்த பெண்களில் பெரும்பகுதி மலாயா ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். ஜான்சியையோ டெல்லியையோ இந்தியாவையோகூட ஒருநாளும் பார்த்திராதவர்கள். அடுத்த தளபதியாக இருந்த ஜானகி, பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன், மலேசியாவில் பெரிய பொது வாழ்வு வாழ்ந்தார். 2000-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது.

அந்தப் பெண்கள் துப்பாக்கியோடு வரிசையாக நிற்கும் போட்டோ முன்னால் மாமா நின்றுவிட்டார். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்து, செல்ஃபி எடுத்து, போய், அடுத்த கூட்டம் வந்தது. அவர் நகரவில்லை.

"என்ன மாமா, கால் வலிக்குதா?"

"இல்லம்மா. எங்க அப்பா பேராக்ல ரப்பர்த் தோட்டத்துலதான் இருந்தாரு. நாப்பத்தாறுல திரும்பி வந்தாரு. பட்டாளத்துல இருந்தேன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. ஆனா கோவம் வந்தா எங்கள லெப்ட் ரைட்டு போட வச்சிருவாரு, இந்தியில."

"கவர்மென்ட் பென்ஷனுக்கு எழுதிப் போடலையா?"

"எதக் காட்டி எழுதுறது?"

இந்த இடத்தில் என் ஆபீஸ் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது, ஐஎன்ஏ ஆட்களுக்கும் உண்டு. ஆனால் சிறையில் இருந்ததற்குச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் கூட இருந்த இன்னொரு கைதியின் சான்றிதழ் வேண்டும். தோட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய், பர்மா காட்டில் கலைந்து, கப்பல் ஏறி ஊருக்கு வந்து, வெங்காயம் போட்டுப் பிழைத்த மனிதரிடம் என்ன காகிதம் இருக்கும்? கைப்பட்டதெல்லாம் ரப்பர்ப் பாலும் மண்ணும்தான். இப்படிக் கோப்பே இல்லாமல் போனவர்கள் ராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் இருப்பார்கள்.

அதனால் எனக்கு ஓர் ஆசை. தோட்டத் தொழிலாளர்களுக்கென்று இங்கே ஓர் அறை முழுக்க ஒதுக்க வேண்டும். தலைவர்களின் படங்கள் எங்கும் கிடைக்கும். பால்வெட்டுக் கத்தியும், தோட்டத்துச் சம்பளச் சீட்டும், நகைகளைக் கழற்றிக் கொடுத்த பெண்களின் பேச்சும் வேறெங்கும் கிடைக்காது. அதைத் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான், வேறு எதையும் நான் மாற்றச் சொல்ல மாட்டேன்.

தீர்ப்புப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். 1945 டிசம்பர் 31-ல் விசாரணை முடிந்தது. அரசருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றம் மூவர் மேலும் நிரூபணம் என்றார்கள். ஆயுள் முழுக்க நாடுகடத்தல், பதவி பறிப்பு, பாக்கிச் சம்பளமும் படிகளும் பறிமுதல். 1946 ஜனவரி 3-ல் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் நாடுகடத்தலை ரத்து செய்து மூவரையும் விட்டுவிட்டார். வெளியே நாடு கொதித்துக்கொண்டிருந்தது, வேறு வழியில்லை. ஆனால் பதவி பறிப்பையும் சம்பளப் பறிமுதலையும் மட்டும் உறுதி செய்தார். சாம்ராஜ்யமே ஆட்டம் கண்ட நேரத்தில் அரியர்ஸை விடவில்லை பாருங்கள்! மாமாவிடம் சொன்னேன், சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

கட்டடத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டாளத்துக்காரன் வேலை, கச்சிதம். வெயில் நேராக அறைக்குள் விழாதபடி வளைவு வளைவாக நீள வராண்டா, தடித்த சுவர், உயரமான கூரை. டெல்லி மே மாதத்தில் சிப்பாய்கள் கருகிவிடாமல் இருக்க வெள்ளைக்காரன் தனக்குச் செய்துகொண்ட ஏற்பாடு, இப்போது பழைய சீருடைத் துணிகளுக்குப் பயன்படுகிறது. இதையெல்லாம் இடித்துவிட்டு முகலாயத் தோட்டத்தை மறுபடி போட வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. இடித்தவன் என்ன கட்டினான் என்பதும் தெரியத்தான் வேண்டும். பளிங்கு மண்டபத்தையும் பாரக்கையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கும்போது 1857-ல் என்ன நடந்தது என்பது எந்தப் பலகையும் இல்லாமலே புரிகிறது.

உள்ளே படிக்க நிறைய இருக்கிறது. இந்தி, ஆங்கிலம். எல்லாப் பலகையையும் படிக்கிறேன் என்று இறங்கினால் முட்டி போய்விடும். ஐஎன்ஏ பகுதிக்கு மட்டும் ஒன்றரை மணி நேரமாவது வையுங்கள், மற்ற இரண்டையும் அரை அரை மணியில் முடிக்கலாம். ஜூன், ஜூலையில் வயதானவர்களைக் கூட்டிப் போகவே போகாதீர்கள், கட்டடத்துக்குக் கட்டடம் நடக்கும் வெட்டவெளி ஆளைச் சாய்த்துவிடும். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுவது நல்லது. ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நாட்களில் பாதுகாப்புக்காகக் கோட்டையை மூடிவிடுவார்கள், அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் என் பேச்சைக் கேளுங்கள். வெளியே வந்த பசியில் அன்று பக்கத்துச் சந்தில் ஒரு கடையில் நுழைந்தோம். மசால் தோசை என்று போர்டு. உள்ளே பனீர், சாம்பாரில் சர்க்கரை. மாமா சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்கும் ஒரு கோர்ட் மார்ஷல் வைக்கணும்" என்றார். பழைய டெல்லிக்குப் போனால் பழைய டெல்லிச் சாப்பாடு சாப்பிடுங்கள், பராட்டா, சாட், ஜிலேபி. தோசைக்கு கரோல்பாக் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிடிஇஏ (டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளிக்கூட ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இங்கே கூட்டி வாருங்கள். பாடப்புத்தகத்தில் ஐஎன்ஏ வழக்கு நாலு வரி. இங்கே அவர்கள் தாத்தாவின் தாத்தா ஊர்ப் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கலாம்.

இன்னொரு யோசனை. மூவரையும் விட்டுவிட்ட ஆக்கின்லெக் குடியிருந்த தலைமைத் தளபதி மாளிகையும் டெல்லியில்தான் இருக்கிறது. கன்னாட் பிளேஸை வடிவமைத்த அதே ராபர்ட் டோர் ரஸ்ஸல் 1930-வாக்கில் கட்டியது. கோர்ட்டில் அங்கி போட்டு வந்த நேரு பிரதமராகி 1948-லிருந்து சாகும் வரை குடியிருந்ததும் அந்த வீட்டில்தான். தீன் மூர்த்தி பவன் என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். இப்போது பிரதமர்கள் அருங்காட்சியகம். கோட்டையை ஒரு நாள், அதை மறுநாள் என்று வைத்துக்கொண்டால் இந்த வழக்கின் இரண்டு பக்கத்தையும் பார்த்த மாதிரி. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், இரண்டுமே மூடியிருக்கும். நாங்கள் செவ்வாய்க்கிழமை போனோம், மாமா இந்தத் தடவை கையோடு தயிர்சாதம் கட்டிக்கொண்டு வரச் சொன்னார்.